மாமியாரின் நோட்டில் அளவு தெளிவாக இல்லாத கூச்சுக்கை பிஸ்கட்: எப்படிச் சரியாகக் கொண்டுவருவது?

லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் கணவர் லிதுவேனியர். மாமியார் காலமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ் இது. அவர் கைப்பட எழுதிய நோட்டில் கூச்சுக்கை பிஸ்கட்டுக்கு 'மாவு 4 கிளாஸ், ஈஸ்ட் 50 கிராம், கசகசா ஒரு கைப்பிடி, எண்ணெய், சர்க்கரை' என்று மட்டும்தான் இருக்கிறது. செய்தால் பன் மாதிரி உப்பி, ஈஸ்ட் வாடை அடிக்கிறது. கசகசாப் பாலும் தண்ணியாகிவிடுகிறது. எங்கே பிசகுகிறது? சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கும் கொஞ்சம் அனுப்பலாமா?"

கூச்சுக்கை என்பது லிதுவேனியர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கசகசாப் பாலில் ஊற வைத்துச் சாப்பிடும் குட்டி பிஸ்கட். உங்கள் மாமியார் அரைகுறையாக எழுதிவிட்டார் என்று நினைக்காதீர்கள். தன் சமையலறையில் இருந்த டம்ளரையும் அன்று கடையில் கிடைத்த ஈஸ்ட்டையும் மனதில் வைத்து அவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இன்று உங்கள் கையில் இருக்கும் டம்ளரும் ஈஸ்ட்டும் வேறு.

ஈஸ்ட்டிலிருந்து ஆரம்பிப்போம், வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அந்தத் தலைமுறை எழுதிய 50 கிராம் என்பது கட்டியாக விற்கும் பச்சை ஈஸ்ட். பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்ட் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு போதும், அதாவது சுமார் 17 கிராம். உலர் ஈஸ்ட்டையே 50 கிராம் போட்டிருந்தால், அவர் போட்டதைப் போல மூன்று மடங்கு போட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் 17 கிராம்கூட வேண்டாம். அரை கிலோ மாவுக்கு 7 கிராம் போட்டு, மாவு உப்ப ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். வாசம் நன்றாக இருக்கும்.

அடுத்தது கிளாஸ். சோவியத் காலத்து வீடுகளில் பட்டை பட்டையாகச் செதுக்கிய ஒரு கண்ணாடி டம்ளர் இருக்கும். விளிம்பு வரை நிரப்பினால் 250 மில்லி, மேலே பட்டைகள் முடியும் கோடு வரை என்றால் 200 மில்லி. நான்கு கிளாஸ் மாவு என்பது முதல் கணக்கில் சுமார் 640 கிராம், இரண்டாவது கணக்கில் சுமார் 520 கிராம். மாமியாரின் அலமாரியில் அந்த டம்ளர் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எந்தக் கோடு வரை நிரப்பினார் என்று கணவரின் அத்தையோ சித்தியோ சொல்லக்கூடும்.

அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழைத்து ஒரு முறை பிசையச் சொல்லுங்கள். "எவ்வளவு போடணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்டால் "தேவையான அளவு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, அவர் தொடங்கும் முன் மாவுப் பையையும் எண்ணெய் பாட்டிலையும் கசகசா டப்பாவையும் எடை போட்டு வையுங்கள். அவர் பாட்டுக்குக் கை போன போக்கில் போடட்டும். முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். குறைந்திருப்பதுதான் அந்த வீட்டு அளவு. அதை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள், மாமியாரின் கையெழுத்தின் மேல் எழுத வேண்டாம்.

அதுவரைக்கும் இந்த அளவில் செய்து பாருங்கள்: மைதா 500 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லி, சர்க்கரை 80 கிராம், எண்ணெய் 50 மில்லி, கசகசா 40 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, மேலே சொன்ன 7 கிராம் உலர் ஈஸ்ட். பால், முட்டை, வெண்ணெய் சேர்க்க வேண்டாம். டிசம்பர் 24 இரவு நடக்கும் கூச்சோஸ் விருந்து விரத விருந்து. மரபுப்படி பன்னிரண்டு வகை உணவு இருக்கும், இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. சோவியத் ஆட்சியில் கிறிஸ்துமஸுக்கு விடுமுறையே கிடையாது. அப்போதும் பல குடும்பங்கள் வீட்டுக்குள் இந்த விருந்தை விடாமல் நடத்தின. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல் பரப்பி, அந்த ஆண்டு இறந்தவருக்கு ஓர் இடத்தைக் காலியாக விடுவது அவர்கள் வழக்கம். உங்கள் வீட்டில் இந்த வருடம் அந்த இடம் யாருக்கு என்று உங்களுக்கே தெரியும்.

மாவு கெட்டியாக, கையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். இரு மடங்காக உப்பியதும் விரல் தடிமனைவிடச் சற்று மெல்லிய கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் பன்தான் வரும். ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஓவனில் 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வையுங்கள். பொன்னிறமானதும் ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயே காய விடுங்கள். ரஸ்க் போலக் கடகடவென்று காய்ந்தால்தான் சரி. கசகசாப் பாலில் ஊறித்தான் அது மென்மையாக வேண்டும்.

அந்தப் பாலுக்கு 200 கிராம் கசகசாவில் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க ஊற வையுங்கள். ஊறப்போடும் முன் சிறிது மென்று பாருங்கள். காறலாகவோ கசப்பாகவோ இருந்தால் பழைய சரக்கு, எவ்வளவு தேன் விட்டாலும் தேறாது. மறுநாள் வடித்துவிட்டு மிக்சியில் அரையுங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் விதைகள் பிளேடுக்குத் தப்பி மிதக்கும், பால் தண்ணியாவது இதனால்தான். இரண்டு மூன்று கரண்டி தண்ணீரில் வெண்ணெய் போல அரைத்த பிறகு, தேங்காய்ப்பால் எடுப்பதுபோல முதல் பால், இரண்டாம் பால் என்று துணியில் பிழியுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர் போதும். லிதுவேனியக் கசகசா கருநீலம் என்பதால் லேசான சாம்பல் சாயல் இருக்கத்தான் செய்யும், அது குறையல்ல. தேன் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சிங்கப்பூருக்குக் கசகசாவும், கசகசா தூவிய பிஸ்கட்டும் அனுப்பவே வேண்டாம். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் அப்படித்தான், துபாய் வழியாகப் போனால் பையிலும் வைக்காதீர்கள். அக்காவுக்கென்று கசகசா இல்லாமல் தனியாக ஒரு ஈடு செய்யலாம். கசகசா பாக்கெட்டைப் பிரிக்கும் முன்பே, சுத்தமான பலகையில் அதை முடித்துவிடுங்கள். ஊற வைத்துச் சாப்பிட, அங்கே பாதாமை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் தேன் விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.