ஹிஸ்டோன் மெத்திலேற்றம் ஜீனை இயக்குமா, அடக்குமா?

இரண்டும் செய்யும், மெத்தில் என்ற சிறு வேதிக்குழு எந்த இடத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. டிஎன்ஏ எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் கொண்ட ஒரு தொகுப்பைச் சுமார் 147 கார இணைகள் நீளத்துக்குச் சுற்றியிருக்கும், அந்தப் புரதங்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றிலுள்ள லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்கள் மீதுதான் நொதிகள் பெரும்பாலும் மெத்திலை ஏற்றுகின்றன. எச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆவது இடத்திலுள்ள லைசினில் மூன்று மெத்தில் இருந்தால் அது பெரும்பாலும் இயங்கும் ஜீனின் தொடக்கப் பகுதி. அதுவே 9 அல்லது 27ஆவது இடத்திலுள்ள லைசின் என்றால் ஜீன் பொதுவாக அடங்கிக் கிடக்கும்.

பலர் கவனிக்காத முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது: அசிட்டைல் என்ற வேறொரு வேதிக்குழு ஏறினால் லைசினின் நேர்மின்னூட்டம் போய் டிஎன்ஏ மீதான பிடி தளரும், ஆனால் மெத்தில் ஏறினால் மின்னூட்டம் மாறாது. சரி, அப்புறம் எப்படி வேலை நடக்கிறது? அந்த மெத்திலை அடையாளம் காணும் வேறு புரதங்கள் வந்து ஒட்டுவதால்தான். 9ஆவது லைசினில் எச்பி1 என்ற புரதம் ஒட்டிக்கொண்டு குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த தொகுதியை, இறுக்குகிறது.

மெத்திலேற்றம் அழியாத குறி என்றுதான் வெகுகாலம் பலர் நினைத்தார்கள். 2004இல் எல்எஸ்டி1 என்ற நொதி மெத்திலை நீக்குவது தெரிந்ததும் அந்த எண்ணம் மாறியது. லிம்போமா எனப்படும் நிணநீர் செல் புற்றுநோய்கள் சிலவற்றில் 27ஆவது லைசினில் மெத்தில் ஏற்றும் ஈஇசட்எச்2 நொதி திரிபடைந்து மிகையாக வேலை செய்கிறது, அதைத் தடுக்கும் மருந்துகளும் உருவாக்கப்பட்டிருக்கின்றன.