‘ஒருநாள் வாயேன்’ என்றவர் ஏன் திரும்பக் கூப்பிடவில்லை?

கேள்வி: அக்கா, நான் ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வயது 29, சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். இங்கே வந்து 11 மாதம் ஆகிறது. வார்டில் எல்லோரும் நல்லவர்கள்தான். சிரிக்கிறார்கள், ‘லவ்’ என்று கூப்பிடுகிறார்கள். டியூட்டி முடிந்ததும் அவரவர் வழி. கூட வேலை பார்க்கும் ஒருவர், “நாங்க மலைப்பக்கம் நடக்கப் போவோம், ஒருநாள் நீயும் வாயேன்” என்று மார்ச்சில் சொன்னார். இப்போது செப்டம்பர். நான் குடிப்பதில்லை என்பதால் பப்புக்குக் கூப்பிட்டபோது இரண்டு தடவை மறுத்துவிட்டேன். அதோடு கூப்பிடுவதும் நின்றுவிட்டது. இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லையா?

பதில்: பிடிக்காமல் இல்லை, தங்கச்சி. நடக்கக் கூப்பிட்டவர் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறார், நீங்கள் அவர் கூப்பிடுவார் என்று காத்திருக்கிறீர்கள். ஆறு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

“ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்று நாமும்தான் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்கிறோம். நம் ஊரில் அப்படிச் சொன்னவர் வீட்டுப் பக்கம் ஒரு வேலையாகப் போனால், சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். சொல்லாமல் போனதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இங்கே அந்த எட்டிப் பார்த்தல் கிடையாது. தேதியும் நேரமும் முடிவாகும்வரை அது ஒரு பிரியமான பேச்சு மட்டுமே. தேதியை யார் சொல்வது என்பதில்தான் சிக்கல். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொன்னால் வற்புறுத்துவதாகிவிடும் என்று ஆங்கிலேயர்கள் நினைப்பார்கள். நாம் மூன்று தடவை உபசரித்தால்தான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இரண்டாவது தடவையே தொந்தரவு. நீங்கள் இரண்டு முறை மறுத்ததை, ‘இந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, சங்கடப்படுத்த வேண்டாம்’ என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை.

இந்த ஊருக்கு நான் வந்து 19 வருடம் ஆகிறது. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வருடம் வழிகாட்டுவதே இப்போது என் வேலை. அவர்களில் பாதிப் பேர் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பப்பை முதலில் தீர்த்துவிடுவோம். குடிக்காதவர் பப்புக்குப் போகலாம். உங்கள் வார்டிலேயே குடிக்காத ஆங்கிலேயர் ஒருவராவது இருப்பார். கேட்க வேண்டியது ‘லைம் அண்ட் சோடா’. சோடாவில் கொஞ்சம் எலுமிச்சை கார்டியல் என்ற இனிப்புச் சாறு ஊற்றித் தருவார்கள். அநேகமாக அங்கே மலிவான பானம் அதுதான். மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் எடுக்க மாட்டார்கள். கவுன்டருக்குப் போய் நின்று, கேட்டு வாங்கி, அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. தனக்கு முன்னால் வந்தது யார் என்பது அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். பார்மேன் தவறி உங்களை முதலில் பார்த்தால், பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டி “இவர் எனக்கு முன்னாடி வந்தார்” என்று சொல்லிப் பாருங்கள். அன்றைக்கு அந்தக் கவுன்டரில் உங்களுக்கு நல்ல பெயர்.

‘ரவுண்ட்’ என்று ஒன்று உண்டு. நான்கு பேர் சேர்ந்து போனால் ஆளுக்கு ஒருமுறை எழுந்துபோய் நால்வருக்கும் வாங்கி வருவார்கள். நான் முதல்முறை போனபோது இது தெரியாது. மூன்று பேர் ஆளுக்கொரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ‘எவ்வளவு அன்பானவர்கள்’ என்று உருகிப்போய், மூன்றாவதையும் குடித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு “பை” சொல்லி வந்துவிட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் ஒருத்தி, ஏதோ வேறு பேச்சுக்கு நடுவில், “அன்னிக்கு உன் ரவுண்டு பாக்கி” என்று சிரித்தாள். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. ஆகவே நீங்கள் குடிப்பது சோடாவே ஆனாலும் உங்கள் முறை வந்ததும் எழுந்துவிடுங்கள். கூட்டம் பெரிதாக இருந்து, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே “என்னை ரவுண்டில் சேர்க்காதீங்க, நானே வாங்கிக்கிறேன்” என்று சொல்லிவிடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நடுவில் சொல்வதுதான் தப்பு.

உங்கள் முறையின்போது கூடவே ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் வாங்கி வாருங்கள். இங்கே அதற்கு ‘கிரிஸ்ப்ஸ்’ என்று பெயர். சிப்ஸ் என்று கேட்டால் விரல் தடிமனில் நறுக்கிப் பொரித்த சூடான உருளைக்கிழங்கு வந்துவிடும். பாக்கெட்டின் வாயைத் திறந்து நீட்டாமல், பக்கவாட்டில் முழுசாகக் கிழித்து, உள்ளே வெள்ளியாய் மின்னும் தாளை மேசை நடுவில் இலை போல விரித்துவிட வேண்டும். நான்கு கைகளும் அதில் போகும். ‘எச்சில்’ என்று ஒரு வார்த்தையே இல்லாத மொழிக்காரர்கள் பந்தி போடுவது இப்படித்தான். அதே அலமாரியில் ‘போர்க் ஸ்கிராச்சிங்ஸ்’ என்று ஒன்று தொங்கும். அது பன்றித் தோல் வறுவல். வேண்டாதவர்கள் பெயரைப் படித்து எடுக்கவும்.

பப்புக்குப் போகும் முன்பே வார்டில் ஒரு வேலை இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில் கெட்டிலைப் போடும்போது தனக்கு மட்டும் டீ போட்டுக்கொள்ளக் கூடாது. அறையில் இருக்கும் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பால் சொட்டு மட்டும் என்று இரண்டாவது நாளே நீங்கள் ஞாபகம் வைத்திருந்தால், அதைவிடப் பெரிய நட்பு விண்ணப்பம் இந்த ஊரில் கிடையாது.

டீ என்றதும் ஒரு எச்சரிக்கை. ஷெஃபீல்டில் பலருக்கு ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடு, ‘டீ’ என்றால் இரவுச் சாப்பாடு. ஐந்தரை மணிக்கு “டீக்கு வா” என்று என்னைக் கூப்பிட்டார்கள். பிஸ்கட்டும் டீயும்தானே என்று வீட்டில் நாலு இட்லியைத் தின்றுவிட்டுப் போனேன். போனால் தட்டு வைத்து, கத்தி முள்கரண்டி வைத்து, ‘ஓவன்’ அடுப்பிலிருந்து இறங்கிய, மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட ஒரு முழு ‘பை’. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எனக்காகவே காய்கறி மட்டும் வைத்துச் செய்திருந்தார்கள். அதன்மேல் ஊற்றிக்கொள்ள ஆரஞ்சு லேபிள் ஒட்டிய ஒரு பாட்டிலை நகர்த்தினார்கள்: ஹென்டர்சன்ஸ் ரெலிஷ். 1885-இல் இருந்து இந்த ஊரில் செய்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு பெருமை. நாக்கில் பட்டதும் ஏதோ தெரிந்த ருசி. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் புளி! இதே மாதிரியான வூஸ்டர் சாஸில் சேர்ப்பதுபோல இதில் நெத்திலி மீன் சேர்ப்பதும் இல்லை. “எங்க ஊர்ல இது தினமும்” என்று நான் சொன்னதிலிருந்து ஒரு மணி நேரம் ரசத்தைப் பற்றியே பேச்சு.

ஆனால் வீட்டு அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள், அது கடைசியில்தான் வரும். இங்கே நட்பு பழுப்பது ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில். அதற்கென்றே சில ஏற்பாடுகள் இருக்கின்றன. சனிக்கிழமை காலை 9 மணிக்கு எண்ட்கிளிஃப் பூங்காவில் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் நடக்கிறது. 5 கிலோமீட்டர், காசு கிடையாது. ஓட வேண்டியதும் இல்லை, நடக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால் நீங்கள் கடைசியாக வரவே முடியாது. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கியது இது. உடம்பு அசைக்க விருப்பமில்லாத வாரம் தன்னார்வலராக நின்று, ஓடி முடித்து வருகிறவர்களின் பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள். ஓடுகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் பேச்சுத் துணை அதிகம். முடிந்ததும் ஒரு கூட்டம் காபிக்குப் போகும், கூடவே போங்கள்.

பப் க்விஸும் அப்படித்தான். உங்கள் வார்டில் ஒரு டீம் இருந்தாலும் இருக்கும். கிரிக்கெட் கேள்வி வந்தால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், தயாராகப் போங்கள். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை, ஷெஃபீல்டை ஒட்டிய ஸ்டானிங்டன், டங்வொர்த் பக்கத்துப் பப்களில் ஞாயிறு மதியம் கூடிப் பாடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தேவாலயங்கள் ஒதுக்கிவிட்ட கிறிஸ்துமஸ் பாட்டுகளை, பப்பில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். உங்கள் கையில் இருப்பது பியரா சோடாவா என்று பார்க்க அங்கே யாருக்கும் இடமில்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஹோட்டலில் பில்லுக்காக இழுபறிச் சண்டை போடாதீர்கள், அவர்கள் மிரண்டுவிடுவார்கள். ஒருவர் கட்டினால் உங்கள் பங்கை அன்றிரவே அவர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் உங்களுக்குச் சில்லறை சுத்தமாக அனுப்பும்போது மனம் நோகவும் வேண்டாம்; கணக்கு தீர்ந்தால்தான் அடுத்த வாரம் கூச்சமில்லாமல் கூப்பிட முடியும் என்பது அவர்கள் நியாயம்.

நீங்கள் வீட்டுக்கு அழைக்கும்போது இரண்டு மூன்று பேர் போதும். இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள், என்ன சாப்பிட மாட்டார்கள் என்று கேளுங்கள். கையில் ஒரு வைன் பாட்டிலோடு வருவார்கள். வீட்டில் மது வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ராத்திரி பத்து மணி வாக்கில் ஒருவர் இரண்டு தொடையிலும் தட்டி “ரைட்” என்பார். பாயசம் கொண்டு வரும் நேரம் அதுவல்ல, அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

தமிழ் ஆட்களோடு மட்டும் பழகினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதுவும் வேண்டும்தான், காய்ச்சல் வந்தால் கஞ்சி வருவது அங்கிருந்துதான். ஆனால் உங்கள் கேள்வி அது இல்லையே.

இப்போது அந்த நடைக்கு வருவோம், காரணம் நாள் குறைவு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அதற்குள் போய்விடுங்கள். ரோஸ்டர் வந்ததும் உங்கள் இருவருக்கும் பொதுவான விடுமுறை நாள் ஒன்றைப் பாருங்கள். “மார்ச்சில் சொன்னீர்களே, அந்த நடை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்தச் சனி கிரிண்டில்ஃபோர்டு பக்கம் போகலாமா? பத்து மணி ரயில்?” என்று ஒரு மெசேஜ். கடைசியில் ‘நோ வொரீஸ் இஃப் நாட்’ (முடியாவிட்டாலும் பரவாயில்லை) என்று சேருங்கள். அந்த நான்கு சொல் இருந்தால்தான் அவருக்கு மூச்சு விட முடியும். அன்று முடியாது என்றால் அவரே வேறு தேதி சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் விஷயம் பழம்.

ஷெஃபீல்டிலிருந்து கால் மணி நேரம்தான். மூன்றரை மைல் நீள டாட்லி சுரங்கத்தின் இருட்டைத் தாண்டி ரயில் வெளியே வந்த இடத்திலேயே கிரிண்டில்ஃபோர்டு ஸ்டேஷன். அதை ஒட்டி ஒரு கபே. அங்கிருந்து பாட்லி பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டியே ஏறினால் லாங்ஷா மேட்டுவெளி. ஓடைக்கல் வழுக்கும், ஸ்போர்ட்ஸ் ஷூ போதாது. பிடிமானமுள்ள பூட்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு வெயிலடித்தாலும் பையில் இருக்கட்டும். மதியத்துக்கு அவர் சாண்ட்விச் கொண்டு வருவார். நீங்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், இரண்டு ஸ்பூனோடு.