உப்பு ஏன் அடியிலேயே கிடக்கிறது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் எடுத்து ஒன்றில் உப்பும் மற்றதில் சீனியும் போட்டுக் கலக்கினாள். சீனி போடப் போடக் கரைகிறது, உப்போ சீக்கிரமே அடியில் தங்கிவிட்டது. சூடாக்கினால் எதுவும் அதிகம் கரையும் என்று நான்தான் சொன்னேன். சூடாக்கியும் உப்பு அப்படியே கிடக்கிறது. பிள்ளைக்கு ரொம்ப ஏமாற்றம். எங்கே தவறு?
- வாசகி, தக்கலை

பதில்: தவறே இல்லை, அவள் பார்த்ததுதான் சரி! 100 மில்லி தண்ணீரில், நம் வீட்டுச் சூட்டில், சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோனாலும் 39 கிராம்தான். சீனி அப்படி இல்லை, சாதாரணத் தண்ணீரிலேயே 200 கிராமுக்கு மேல் கரையும், கொதிநிலையை நெருங்கும்போது அது இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். சூடு எல்லாவற்றையும் வேகமாகக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வேகம் வேறு, எவ்வளவு கரையும் என்பது வேறு. உப்பைப் பிரிக்கச் செலவாகும் ஆற்றலும், பிரிந்த துகள்களைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது கிடைக்கும் ஆற்றலும் கிட்டத்தட்ட சமமாக இருப்பதால் சூடு அங்கே பெரிதாக எதையும் மாற்றுவதில்லை.

இதை நம் குமரி மாவட்டத்திலேயே நேரில் காட்டலாம். ஒருநாள் அவளை சுவாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது, அந்தத் தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக வற்றினால்தான் உப்பு விளையும். ஆறவைத்து எடுக்க முடியாது, வெயிலில் வற்றத்தான் வேண்டும், அதனால்தான் இரண்டு பருவமழையும் பெய்கிற நம் ஊரில் மழை என்றாலே உப்பளத்தில் வேலை நின்றுவிடும். பனங்கற்கண்டு அதற்கு நேர் எதிர். அக்கானியை, அதாவது பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துவிடுவார்கள். ஆறிய பாகு அவ்வளவு இனிப்பையும் பிடித்துவைக்க முடியாமல் நூலில் கற்கண்டாக விட்டுவிடும்.

இரண்டையும் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் டீஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். தண்ணீரை அளக்க, காய்ச்சல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியே போதும். பாக்கெட் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்த்த பொருள் தண்ணீரைக் கலங்கலாக்கலாம், கழுவிய கல்லுப்பு நல்லது. அப்புறம், சீனிப்பாகு காய்ச்சும்போது நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், தெறித்தால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். பாகு ஆறட்டும், நூலைத் தொங்கவிட்டு மூடி வையுங்கள். உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் சில நாளில் படிகம் வரும். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் குட்டிப் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கும்.