வேலூரில் 40 டிகிரி தாங்கியது, சென்னையில் 34 ஏன் தாங்கவில்லை?

கேள்வி: வேலூரிலிருந்து சென்னைக்கு வேலை மாறி வந்திருக்கிறேன். அங்கே 40 டிகிரியைச் சமாளித்தேன்; இங்கே 34-க்கே கசகசவென்று உயிர் போகிறது. முதுகெல்லாம் வியர்க்குரு. கூட இருக்கும் அப்பாவோ (68 வயது, நெடுநாள் சர்க்கரை நோய்) “எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்று ஃபேனையே நிறுத்திவிடுகிறார். என் உடம்பில் கோளாறா?

பதில்: உங்களுக்கு ஒன்றுமில்லை. எனக்குக் கவலை அப்பாவைப் பற்றித்தான்.

தோலின் நரம்புகள் தோலின் சூட்டைத்தான் உணர்கின்றன. காற்றின் ஈரப்பதத்தை உணர மனிதருக்குத் தனி நரம்பே கிடையாது. வியர்வை வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும்; ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். 40 டிகிரியில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 23 காட்டும். 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29. வியர்வை உலர்ந்து தோல் குளிர்வதற்கு அந்த எண்தான் எல்லை. வெயில் காலத்தில் தோலின் சூடு 35-ஐ ஒட்டி இருக்கும். ஆக, வியர்வை உலரக் கிடைக்கும் இடைவெளி சென்னையில் பாதிதான். மதியம் கடற்காற்று வந்தால் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும். (வேலூரில் வாங்கிய ஏர் கூலரை மூட்டை கட்டி வந்திருந்தால் விற்றுவிடுங்கள். இங்கே அது அறையை இன்னும் புழுங்க வைக்கும்.) ஃபேன்தான் கைகொடுக்கும்.

வியர்க்குரு வந்த இடத்தில் வியர்வைக் குழாய் அடைத்து, வியர்வை தோலுக்குள்ளேயே கசிகிறது. அதனால்தான் சுருக்சுருக்கென்று குத்துகிறது. அங்கே பவுடரை அப்பாதீர்கள். குளித்து, ஈரம் ஒற்றி, தொளதொள பருத்திச் சட்டை போடுங்கள்; அரிப்புக்குக் காலமைன் லோஷன் போதும். குரு மறைந்தாலும் அந்த இடம் சில வாரம் சரியாக வியர்க்காமல் இருக்கலாம்.

சரி, அப்பா. நெடுநாள் சர்க்கரையில் நரம்பு பாதித்தால் கால்களில் வியர்வை குறையும், சூடும் உறைக்காது. சிலருக்கு முகமும் மார்பும் மட்டும் வியர்த்துக் கொட்டும். வயதாவதால் தாகமும் மட்டுப்படும். அவர் “தெரியலை” என்பதை நம்பி ஃபேனை நிறுத்த விடாதீர்கள். பாதம் உலர்ந்து வெடித்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மதிய வெயிலில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். கொப்புளம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும். வெந்நீரை நீங்கள் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளில் வியர்வையைக் குறைப்பது ஏதாவது உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள்.