துருப்பிடிக்காத பாடிக்கு அடியில்: மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: 1966ஆம் ஆண்டில் கிட்டாக, அதாவது பாகங்களாக வாங்கி, முதல் உரிமையாளர் வீட்டிலேயே பூட்டிய லோட்டஸ் எலான் என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை அண்மையில் வாங்கினேன். நெடுங்காலம் தார்ப்பாயின் கீழ் கிடந்த வண்டி. எஞ்சின் ஓடுகிறது. ஆனால் பெயின்ட் முழுவதும் வெடித்திருக்கிறது, கதவுகள் தொய்ந்திருக்கின்றன, மேலெழும் ஹெட்லைட்டுகள் சிறிது நேரத்தில் தாமாகவே தாழ்ந்துவிடுகின்றன. பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் துருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று விற்றவர் சொன்னார். பெயின்ட் வேலையிலிருந்து தொடங்கலாமா? – ஒரு வாசகர், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: பெயின்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நம்பியே இவ்வகைக் கார்களில் பல பாழாகியிருக்கின்றன. இரும்புத் தகட்டாலான கார் கெடத் தொடங்கினால் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவிலும் துரு வெளியே தெரிந்துவிடும். ஃபைபர் கார் அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. மேலே பாடி பளபளப்பாக இருக்கும்போதே அடியில் காரைத் தாங்கும் சட்டமான சேஸி உளுத்துப்போயிருக்கக்கூடும்.

லோட்டஸ் 1957இல் அறிமுகப்படுத்திய எலீட் காரில் சேஸி தனியாக இல்லை. ஃபைபர் கூடே சுமை முழுவதையும் தாங்கியது. அடுத்து 1962இல் வந்த எலானில், ரான் ஹிக்மன் தலைமையிலான வடிவமைப்பில், காரின் நடுவே முதுகெலும்பு போல ஓடி, இரு முனைகளிலும் கவைபோலப் பிரியும் மெல்லிய எஃகுத் தகட்டுச் சேஸி இடம்பெற்றது. எஞ்சின், சஸ்பென்ஷன், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் ஆகிய அனைத்தின் விசையும் அந்த மடித்த தகட்டின்மேல்தான் விழுகிறது. அதன் எடை ஏறத்தாழ 34 கிலோகிராம் மட்டுமே. அவ்வளவு மெல்லிய தகட்டில் துரு கொஞ்சம் தின்றாலும் வலிமை பெரிதும் குறைந்துவிடும்.

உங்கள் ஹெட்லைட்டுகள் தாழ்வதை நான் கதவுகளைவிட முக்கியமான அடையாளமாகக் கருதுகிறேன். அந்த விளக்குகளை உயர்த்தி நிறுத்துவது எஞ்சினிலிருந்து கிடைக்கும் வெற்றிட உறிஞ்சல். அந்த வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் கலமாகச் சேஸியின் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையே லோட்டஸ் பயன்படுத்தியது. விளக்குகள் நிற்காமல் இறங்கினால் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம், வால்வு கசியலாம். அந்தக் குறுக்குச் சட்டத்திலேயே துரு துளையிட்டிருக்கவும் கூடும். முதலில் குழாய்களை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் விளக்குகள் இறங்கினால் குறுக்குச் சட்டத்தைச் சந்தேகியுங்கள்.

அந்தக் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கோபுரங்கள் நிற்கின்றன. அவற்றில் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக அடியில் விடப்பட்ட சிறு துளைகள் சேறும் கிரீஸும் சேர்ந்து அடைபட்டுவிடுகின்றன. நீர் உள்ளேயே தேங்கி நிற்பதால் தகடு உள்ளிருந்து வெளிநோக்கி அரிக்கப்படுகிறது. வெளியே பூசிய கறுப்புப் பெயின்ட் கடைசிவரை நன்றாகவே தெரியும். சிறு சுத்தியலால் தட்டிக் கேளுங்கள்; நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்த தகடு மந்தமாக ஒலிக்கும். கூரான குத்தூசியால் மடிப்புகளை அழுத்திப் பாருங்கள். பின்பக்கச் சஸ்பென்ஷன் தண்டுகளான ஸ்ட்ரட்டுகளின் தாங்கிகளையும், எஞ்சின் தாங்கும் பிராக்கெட்டுகளின் வெல்டிங் ஓரங்களையும் அதே கவனத்தோடு சோதியுங்கள்.

துரு மேலோட்டமாக இருந்தால் சுரண்டிச் சீராக்கலாம். மடிப்புக்குள்ளேயோ கோபுரத்தின் அடியிலோ இருந்தால் ஒட்டுப் போடாதீர்கள். துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸிகள் இந்தக் காருக்குக் கிடைக்கின்றன. செலவு அதிகம்தான், ஆனாலும் அந்தப் பணத்தை இங்கே செலவிடாமல் பெயின்டுக்குச் செலவிடுவது வீண். வாங்குவதற்கு முன், பழைய சேஸியின் அதே வடிவமைப்பில் செய்ததா என்று உறுதிசெய்துகொண்டு, பிரிட்டனில் வாகனப் பதிவை நிர்வகிக்கும் டி.வி.எல்.ஏ.வின் நடப்பு விதிகளைப் படித்துவிடுங்கள். அசல் அடையாளத் தகட்டையும் பழைய சேஸி எண்ணையும் புகைப்படம் எடுத்து ஆவணங்களோடு வையுங்கள்.

பாடியைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கதவுகள் மூடியிருக்கும்போது சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரு கதவு வாய்களிலும் குறுக்கே உறுதியான கட்டையையோ இரும்புக் குழாயையோ பொருத்தி, வாய் விரியாமலும் சுருங்காமலும் இறுக்குங்கள். சேஸியிலிருந்து பிரிந்த ஃபைபர் கூட்டைச் சமமற்ற தரையில் மாதக்கணக்கில் வைத்தால், அது அந்தக் கோணலையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். பிறகு கதவு ஒருபோதும் சரியாக மூடாது. ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்த மரத் தாங்கிகளின்மேல், போல்ட் பூட்டும் இடங்களில் சுமை விழும்படி வையுங்கள். பாடிக்கும் சேஸிக்கும் இடையே செருகியிருக்கும் சிறு தகடுகளை எடுத்த இடத்தின் பெயரெழுதி உறைகளில் போடுங்கள். அவை குப்பை அல்ல, அந்த வண்டிக்கென்றே பார்த்துப் பார்த்து வைத்தவை.

கதவுகள் தொய்ந்ததற்கும் துருதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். போல்ட்டுகளைப் பிடித்துக்கொள்ள ஃபைபருக்குள் பதித்த உலோகக் குமிழ்கள் இருக்கின்றன. கீலின் ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டால், கதவைத் திறக்கும்போது கீல் சுழலாது. அதைச் சுற்றியுள்ள ஃபைபரே முறுக்கப்படும். குமிழ்கள் தளர்வதும் அந்த இடத்தில் வெடிப்புகள் தோன்றுவதும் அதனால்தான். ஊசியை விடுவித்து, குமிழை எப்பாக்ஸி பிசினால் மீண்டும் பதித்த பிறகே கதவின் இடைவெளியைத் திருத்துங்கள்.

கேள்வி: என் ஃபைபர் பாடி காரில் நட்சத்திர வடிவிலும் கோடுகளாகவும் வெடிப்புகள் உள்ளன. பட்டி பூசித் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன். ஒரு கோடைக்குள் அதே இடங்களில் மீண்டும் வந்துவிட்டன. என்ன செய்வது? – ஒரு வாசகர், கார்டிஃப்

பதில்: வெடிப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று அறியாமல் பட்டி பூசினால் இப்படித்தான் திரும்பி வரும். மேலே பெயின்ட், அதன் கீழ் ஜெல்கோட் என்னும் வழவழப்பான பிசின் பூச்சு, அதற்கும் கீழே பிசினில் ஊறிய கண்ணாடியிழை மேட் என்று மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பல தலைமுறைப் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பெயின்ட் மட்டுமே வெடித்திருக்கக்கூடும். எனவே பழைய பெயின்டை முழுவதும் எடுத்துவிடுங்கள். இரும்புக் கார்களுக்குப் பயன்படுத்தும் கடுமையான பெயின்ட் ரிமூவரைத் தொடாதீர்கள்; அது ஜெல்கோட்டையும் கரைத்து மென்மையாக்கிவிடும். மணல் வீச்சும் வேண்டாம். ஃபைபருக்கென்று விற்கும் ரிமூவர் அல்லது உப்புத்தாள், அதோடு பொறுமை.

ஜெல்கோட் தெரிந்ததும் அசிட்டோன் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து உற்றுப் பாருங்கள். மேற்பரப்பு நொடிகளில் உலர்ந்துவிடும். வெடிப்புக்குள் புகுந்த ஈரம் மட்டும் சற்று நேரம் நின்று, மெல்லிய கருங்கோடுகளாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் அப்போது வெளிப்படும். அவற்றின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். சக்கர வளைவின்மேல் நட்சத்திரம் போலப் பரவினால், சக்கரம் வீசியெறிந்த கல் உள்ளிருந்து அடித்திருக்கிறது. கீலையும் பூட்டையும் சுற்றிக் கோடுகள் இருந்தால் அங்கே பாரம் மிகுந்திருக்கிறது. அகன்ற பலகைப் பரப்பில் இணைகோடுகளாக இருந்தால் அந்தப் பகுதி வளைந்து ஆடுகிறது. காரணத்தை நீக்காமல் வெடிப்பை மூடுவதில் பயனில்லை.

ஜெல்கோட்டோடு நின்ற வெடிப்பை வி வடிவில் அகலமாகச் செதுக்கிப் புது ஜெல்கோட்டால் நிரப்பலாம். மேட் வரை இறங்கியிருந்தால் வலிமையை உட்புறத்திலிருந்துதான் சேர்க்க வேண்டும். உட்புறத்தை 40 முதல் 80 எண் வரையுள்ள உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அழுக்கும் எண்ணெயும் இல்லாத உலர்ந்த இழை தெரியும்வரை தேய்த்து, வெடிப்பைத் தாண்டி அகலமாக 2 அல்லது 3 அடுக்கு மேட் வையுங்கள். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதைவிடப் பெரிதாக இருக்கட்டும். மேட்டின் எடையைப் போல 2 முதல் 2.5 மடங்கு பாலியெஸ்டர் பிசின் போதும். மேட்டின் வெண்மை முழுவதும் மறைந்து கண்ணாடிபோல் ஆகும்வரை உருளையால் அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். வெண்புள்ளியாகத் தங்கிய இடத்தில் பிசின் புகவில்லை அல்லது காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். அந்த இடம் பிறகு அடுக்கு பிரிந்துவிடும்.

பாலியெஸ்டர் பிசின் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு ஹார்ட்னர் என்னும் இறுக்கும் திரவத்தைச் சேர்த்தால் இறுகும். 15 பாகை செல்சியசுக்குக் கீழே அது சரியாக இறுகாது. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வேல்ஸ் குளிர்காலத்தில் சூடில்லாத கொட்டகையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். எப்பாக்ஸியின் ஒட்டும் வலிமை கூடுதல் என்று அதற்கு மாறினால் ஒன்றைக் கவனியுங்கள்: சாதாரண நறுக்கு மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை, பாலியெஸ்டர் பிசினிலுள்ள ஸ்டைரீனில் கரையும்படி செய்யப்பட்டது, எப்பாக்ஸியில் அது கரையாது. எப்பாக்ஸிக்கு நெய்த துணியையே பயன்படுத்துங்கள்.

ஒட்டு இறுகிய பிறகும் பிசின் சில வாரங்கள் சுருங்கிக்கொண்டிருக்கும். அதற்குள் பெயின்ட் அடித்தால் மேட்டின் நார் வடிவம் மேலே தெரியத் தொடங்கும். வெயிலில் அதிகம் சூடாகும் அடர்நிறப் பெயின்டில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். காத்திருங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். தேய்க்கும்போது நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம், பிசினைக் கையாளும்போது ஸ்டைரீன் ஆவியைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம், இரண்டிலும் கண்ணாடி. ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பிசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றைப் பிசினில் முழுவதும் கலந்து முடித்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஃபைபர் காரின் விளக்குகளும் வைப்பரும் மாறி மாறி வேலை நிறுத்துகின்றன. வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். – ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: அதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். இரும்புக் காரில் பாடியே மின்சாரம் திரும்பும் வழியாகிறது. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் வேண்டும். அவை வந்து சேரும் இணைப்புகள் பச்சை பூத்துப்போனால், நீங்கள் சொல்லும் கோளாறுகள் எல்லாம் வரும். பிரேக் போடும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தால் அநேகமாக எர்த்தில்தான் பிழை. அதோடு பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பரை அது கெடுத்துக் கசியச் செய்கிறது. ஃபைபர் பாடி தீப்பற்றினால் பிசினே எரிபொருளாகிவிடும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், மின்சுற்றுகளுக்கு உரிய ஃப்யூஸ் ஆகிய மூன்றும் இல்லாமல் காரை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி: கிட் காரை முதல் உரிமையாளர் பூட்டியதில் பல இடங்கள் தொழிற்சாலை முறையில் இல்லை. எல்லாவற்றையும் திருத்திவிடலாமா? கையால் பூட்டியதால் மதிப்பு குறைவா? – ஒரு வாசகர், பர்மிங்காம்

பதில்: அந்நாளில் பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த வரி இல்லை. லோட்டஸ், வேல்ஸிலிருந்த கில்பெர்ன், எசெக்ஸிலிருந்த ஜினெட்டா போன்ற சிறு நிறுவனங்களின் கார்கள் பல வீடுகளின் முற்றத்தில் பிறந்தது அதனால்தான். 1973 ஏப்ரலில் கொள்முதல் வரியின் இடத்தை மதிப்புக் கூட்டு வரி பிடித்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. ஆகவே முதல் உரிமையாளரின் கைவேலை உங்கள் காரின் வரலாற்றில் ஒரு பகுதி. அதைக் குறை என்று நான் எண்ணவில்லை. பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், பெட்ரோல், மின்சாரம் ஆகியவற்றில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். கைப்பட வளைத்த பிராக்கெட், வீட்டில் வெட்டிய டாஷ்போர்டு மரம் போன்றவற்றை அப்படியே விட்டுவையுங்கள். நீக்கியே ஆக வேண்டியிருந்தால் படம் எடுத்து, கழற்றிய பொருளையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் தந்தையாரின் சிபானி டால்ஃபின் வீட்டுப் பின்புறத்தில் கிடக்கிறது. இது கிட் கார் இல்லை என்று தெரியும். என்றாலும் இந்த முறைகள் பொருந்துமா? ஃபைபர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. – ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பொருந்தும். பெங்களூரில் தயாரான டால்ஃபின், பிரிட்டனின் ரிலையன்ட் கிட்டன் காரை அடிப்படையாகக் கொண்டது. ஃபைபர் பாடி, தனி இரும்புச் சேஸி. எனவே முதலில் சேஸி, பிறகு பாடி என்ற வரிசை உங்களுக்கும் அதுவே. ஆளுக்கு டிங்கரிங் கடைகளில் தேடாதீர்கள். நம் கடற்கரையில் மீன்பிடிப் படகுகள் இப்போது பெரும்பாலும் ஃபைபரில்தான் கட்டப்படுகின்றன. அந்தப் படகுப் பட்டறைகளில் மேட், ரெசின், ஜெல்கோட் ஆகியவற்றை நாள்தோறும் கையாளும் தேர்ந்த கைகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தடிமனாக அடுக்கிப் பழக்கம் என்பதால், காரில் சில மில்லிமீட்டரே வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், மேட் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் பிசின் இழையைப் பற்றாது. தை மாதத்துக்குப் பின் தொடங்கி, அதற்கு முன் சில வாரங்கள் பாடியைக் கூரையின் கீழ் காற்றோட்டமாக உலரவிடுங்கள்.