ரைன் நதிப் பள்ளத்தாக்கு: கோட்டைகள், திராட்சைச் சரிவுகள், உங்கள் கேள்விகள்

ஜெர்மனியில் பிங்கென், ரூடெஸ்ஹைம் ஊர்களிலிருந்து கோப்லென்ஸ் வரை ரைன் நதி மலைகளை அறுத்துக்கொண்டு போகிறது. அந்த 65 கிலோமீட்டர் நீளத்தை 2002-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நான் பக்கத்திலுள்ள மைன்ஸில் வசிக்கிறேன். விடுமுறை கிடைத்தால் கால்கள் அந்தப் பக்கம்தான் போகும். அங்கே போகத் திட்டமிடுபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். பிள்ளைகள் இருவருக்கும் பத்து வயதுக்குள். பிராங்க்பர்ட்டில் இருக்கும்போது ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். என்ன செய்யலாம்?

காலையில் ரயிலேறி பாகராக் என்ற சிற்றூரில் இறங்குங்கள். மரச்சட்டம் தெரியும் பழைய வீடுகள், ஊர் மதில், மேலே ஒரு கோட்டை என்று அரை நாள் போவதே தெரியாது. மதியம் அங்கிருந்து கப்பலில் சாங்க்ட் கோவர் போங்கள். ஓட்டத்தோடு போவதால் முக்கால் மணி நேரம்தான் ஆகும். எதிர்த் திசையில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். காவுப் தீவுக்கோட்டை, ஓபர்வேசல் ஊர், லோரெலைப் பாறை எல்லாம் இந்தச் சின்னத் துண்டிலேயே வந்துவிடும். சாங்க்ட் கோவரில் ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு ஏறி இறங்கிவிட்டு ரயிலில் திரும்பலாம்.

65 கிலோமீட்டரையும் கப்பலிலேயே பார்க்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் கோட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆற்றிலிருந்து மலையைப் பார்ப்பது பாதிதான். மலையேறி ஆற்றைப் பார்த்தால்தான் இந்த இடம் பிடிபடும்.

ஒரு இரவு கூடுதலாகக் கிடைக்குமானால் அதைப் பாகராக்கிலோ சாங்க்ட் கோவரிலோ கழியுங்கள். மாலையில் கடைசிக் கப்பலும் சுற்றுலாப் பேருந்துகளும் போனபிறகு ஊர் அங்கே வாழ்பவர்களின் கைக்குத் திரும்புகிறது. அந்த நேரத்தில் தெருவில் நடப்பதற்காகவே தங்கலாம்.

இவ்வளவு சிறிய இடத்தில் நாற்பது கோட்டை என்கிறார்களே, அப்படி என்ன ஓயாத போர்?

போரைவிடப் பெரிய காரணம் பணம். சாலைகள் மோசமாக இருந்த காலத்தில் ஆல்ப்ஸ் பக்கத்துக்கும் வடகடலுக்கும் இடையே சரக்குப் போக ரைன்தான் ராஜபாட்டை. யார் கையில் கரை இருந்ததோ அவர் படகை நிறுத்திச் சுங்கம் வாங்கினார். அன்றைய ஜெர்மன் சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரில் நால்வருக்கு, அதாவது மைன்ஸ், ட்ரியர், கொலோன் பேராயர்களுக்கும் பால்ஸ் இளவரசருக்கும், இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் இருந்தது. நடுநடுவே கட்ஸெனெல்ன்போகன் பிரபுக்கள் மாதிரி உள்ளூர்ப் பெருந்தலைகளும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் எல்லையைக் காக்கவும் சுங்கம் வாங்கவும் கோட்டை கட்டினார்கள். அடுத்தவரை மிரட்டவும்தான். சாங்க்ட் கோவர்ஸ்ஹவுஸனுக்கு மேலே கட்ஸெனெல்ன்போகன் பிரபுக்களின் கோட்டைக்குக் காட்ஸ், அதாவது பூனை என்று பெயர். சற்றுத் தள்ளி ட்ரியர் பேராயருடைய கோட்டைக்கு ஊரார் எலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பெயர்கள்தான்.

அப்புறம் முக்கியமான இன்னொரு விஷயம். நீங்கள் பார்க்கும் கோட்டைகளில் பல, இடைக்காலத்தில் இருந்தபடியே நிற்பவை அல்ல. 1689-இல் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள் இங்கே பலவற்றைத் தகர்த்தன. 1815-க்குப் பிறகு இடதுகரையின் பெரும்பகுதி பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் வந்தது. அந்த அரச குடும்பத்தார் பழைய வீரக் கதைகளில் மயங்கி இடிபாடுகளை வாங்கித் தங்கள் கனவுப்படி கட்டினார்கள். 1820-களில் எழுந்த ரைன்ஷ்டைன், கோப்லென்ஸ் அருகே 1842-இல் திறக்கப்பட்ட ஷ்டோல்ட்சென்ஃபெல்ஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. இதனால் அவற்றின் மதிப்பு குறைந்துவிடாது. எது எந்தக் காலம் என்று தெரிந்து பார்த்தால் இரண்டையும் ரசிக்கலாம்.

எல்லாக் கோட்டைக்கும் நுழைவுக் கட்டணம் இருக்கிறது. இரண்டுக்கு மட்டும் போகலாம் என்றால் எவை?

மார்க்ஸ்பர்க், ரைன்ஃபெல்ஸ். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

பிரௌபாக் ஊருக்கு மேலே நிற்கும் மார்க்ஸ்பர்க், இந்தப் பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் தகர்க்கப்படாத ஒன்று. 1900 முதல் ஜெர்மன் கோட்டைகள் சங்கத்தின் கையில் இருக்கிறது. குதிரைகள் ஏறுவதற்குப் பாறையிலேயே வெட்டிய படி, அடுப்படி, கவசங்கள், சுவரை ஒட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழிப்பறை வரை பார்க்கலாம். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் நேரங்கள் குறைவு என்பதால் முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரைன்ஃபெல்ஸ் இதற்கு நேர் எதிர். 1245-இல் தொடங்கி, கோட்டைக்குள் கோட்டையாக வளர்ந்து, 1692-இல் பெரும் பிரெஞ்சுப் படையையே திருப்பியனுப்பியது. ஆனால் நூறாண்டு கழித்துப் புரட்சிக் காலப் பிரெஞ்சுப் படைகளிடம் சண்டையே இல்லாமல் கைமாறி, வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. இப்போது பிரம்மாண்டமான சிதிலம். வழிகாட்டி தேவையில்லை, நீங்களாகவே சுற்றலாம். எந்தெந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருட்டுப் பாதைகள் உண்டு, ஒரு டார்ச் கையில் இருக்கட்டும். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றாவதாக ஒன்று சேர்க்க முடிந்தால், காவுப் அருகே ஆற்றின் நடுவே நிற்கும் பால்ஸ்கிராஃபென்ஷ்டைன். பவேரியாவின் லுட்விக் 1327 வாக்கில் சுங்கம் வாங்குவதற்கென்றே எழுப்பியது. சக்கரவர்த்தியாக இருந்தும் போப்பின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டவர் அவர். இதுவும் இடிக்கப்படவில்லை. 1814 புத்தாண்டு வேளையில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு தளபதி ப்ளூஹரின் படை மிதவைப் பாலம் கட்டி ரைனைக் கடந்ததும் இந்தத் தீவின் வழியாகத்தான். சிறு படகில் போய் வரலாம். வெள்ளம் வந்தால் படகு ஓடாது.

லோரெலைப் பாறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். படத்தில் சாதாரண மலையாகத் தெரிகிறது. போக வேண்டுமா?

கீழிருந்து பார்த்தால் சாதாரண மலைதான், 132 மீட்டர் உயரம். விஷயம் பாறையில் இல்லை, அதன் அடியில் ஓடும் தண்ணீரில் இருக்கிறது. நதி ஒடுங்கி, ஆழமாகி, சட்டென்று வளைகிற இடம் அது. எதிரே வரும் கப்பல் தெரியாது. பழங்காலப் படகோட்டிகள் பலர் இங்கே உயிர்விட்டார்கள். இன்றைக்கும் பெரிய சரக்குக் கப்பல்களுக்குக் கரையில் விளக்கு வைத்துச் சைகை காட்டுகிறார்கள். பாறைமேல் அமர்ந்து பாடிப் படகோட்டிகளை மயக்கும் பெண்ணின் கதையைப் பழங்கால நாட்டுப்புறக் கதை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது 1801-இல் கவிஞர் ப்ரென்டானோவின் கற்பனையில் தொடங்கி, 1824-இல் ஹைன்ரிஷ் ஹைன எழுதிய பாடலால் உலகெங்கும் பரவியது.

பாறை மேலே போவதைவிட, எதிர்க்கரையில் ஊர்பார் கிராமத்தில் மரியா ரூ என்ற இடத்திலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பாறை, வளைவு, கப்பல்கள் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

அம்மா அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர்களை அழைத்து வந்து ஏமாற்றிவிடக் கூடாது.

கவலைப்படாதீர்கள் அக்கா, ஏறாமலேயே உயரத்துக்குப் போக வழிகள் உண்டு. ரூடெஸ்ஹைமில் கேபிள் கார் திராட்சைத் தோட்டங்களுக்கு மேலாக மிதந்து நீடர்வால்ட் நினைவுச் சின்னத்துக்குக் கொண்டுபோகும். 1883-இல் திறந்த அந்தச் சிலையைவிட அங்கிருந்து தெரியும் நதிதான் காட்சி. கோப்லென்ஸில் இன்னொரு கேபிள் கார் ரைனையே தாண்டி ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டைக்குப் போகிறது. மொசெல் நதி ரைனில் கலக்கும் மூலை அதன் பெட்டியிலிருந்தே அழகாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம் கப்பல். மார்க்ஸ்பர்க்கை அவர்களுக்கு வேண்டாம், படிகளும் கரடுமுரடான பாறையும் அதிகம். பொப்பார்டில் உள்ள ஏற்றம் திறந்த நாற்காலி வகை, ஓடிக்கொண்டே இருக்கும்போது உட்கார்ந்து எழ வேண்டும். அதனால் அதையும் விடுங்கள்.

பாகராக்கில் ஊருக்கு மேலே கூரையில்லாத சிவப்புக் கல் கட்டடம் ஒன்றின் படம் பார்த்தேன். மிக அழகு. அது என்ன?

வெர்னர் தேவாலயம். அழகுதான், ஆனால் அதன் கதை தெரியாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். 1287-இல் ஓபர்வேசல் பகுதியில் வெர்னர் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். யூதர்கள் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பொய்ப்பழி கிளம்பியது. ரைன் கரையிலும் சுற்றுப் பகுதிகளிலும் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். சிறுவனைப் புனிதனாக்கி, அவன் பெயரில் யாத்திரை நடத்தி, இந்தத் தேவாலயத்தையும் எழுப்பினார்கள். 1689-இல் மேலே உள்ள ஷ்டாலெக் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் வெடிவைத்தபோது விழுந்த கற்கள் இதைச் சிதைத்தன. வெர்னர் வழிபாட்டை ட்ரியர் மறைமாவட்டம் தன் நாள்காட்டியிலிருந்து நீக்கியது 1963-இல்தான். இன்று அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நின்று படியுங்கள். இந்த நதிக்கரையின் பழமையை வெறும் வீரக் கதையாகச் சொல்லும் கையேடுகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன, எனக்கு அது பொறுக்காது.

நிற்கவே முடியாத செங்குத்துச் சரிவில் ஏன் திராட்சை நடுகிறார்கள்? நாங்கள் ஒயின் குடிப்பதில்லை, எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

இவ்வளவு வடக்கே வெயில் சாய்வாக விழும். சரிவான நிலம் அதை நேராக வாங்கிக்கொள்கிறது. மண்ணில் கிடக்கும் கரும்பலகைக் கல் பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. நதியும் கடுங்குளிரைக் கொஞ்சம் தணிக்கிறது. இங்கே அதிகம் விளையும் ரீஸ்லிங், வெள்ளை ஒயினுக்கான திராட்சை, மெதுவாகப் பழுக்கும் ரகம், அதற்கு இந்த உதவியெல்லாம் தேவை. ரூடெஸ்ஹைமுக்கு அடுத்த அஸ்மான்ஸ்ஹவுஸன் மட்டும் சிவப்பு ஒயினுக்குப் பேர்போன ஊர்.

ஆனால் இந்தச் சரிவில் டிராக்டர் ஏறாது. கவாத்து செய்வது, கட்டுவது, அறுப்பது எல்லாம் பெரும்பாலும் கைவேலை. சமவெளித் தோட்டத்தோடு விலையில் போட்டி போட முடியாமல் பலர் கைவிட்டுவிட்டார்கள். முட்புதர் மண்டிய பழைய கல்வரப்புகளைக் கப்பலிலிருந்தே பார்க்கலாம். அதனால்தான் சொல்கிறேன், ஏதாவது வாங்குவதாக இருந்தால் சூப்பர் மார்க்கெட்டில் வாங்காமல் தோட்டக்காரரின் வீட்டுவாசலிலேயே வாங்குங்கள்.

குடிக்காதவர்களுக்கு அதே தோட்டத்துத் திராட்சைச் சாறு உண்டு. சோடா கலந்தும் தருவார்கள். தோட்டங்களின் நடுவே நடைபாதைகள் யாருக்கும் திறந்தவை. பழத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது ஒருவருடைய ஆண்டு வருமானம். பறிக்கும் பருவத்தில் சில பாதைகளை மூடியும் வைப்பார்கள்.

மாணவன், கையில் காசு குறைவு. கோட்டையில் தங்க முடியுமா?

முடியும் தம்பி. பாகராக்கின் ஷ்டாலெக் கோட்டையே இளைஞர் விடுதிதான், கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக. உறுப்பினர் அட்டை கேட்பார்கள், வார இறுதிக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும். நிலையத்திலிருந்து மூட்டையோடு படியேற வேண்டும். கரையோர அறை எடுக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இரு கரையிலும் ரயில்பாதை உண்டு, சரக்கு ரயில்கள் இரவெல்லாம் ஓடும். தூக்கம் லேசானவர்கள் மேட்டுநிலத்துக் கிராமங்களில் அறை பாருங்கள்.

சைவச் சாப்பாடு?

உருளைக்கிழங்கு அடை, சீஸ் சேர்த்த ஷ்பேட்சில (முட்டை சேர்த்த ஒருவகை நூடுல்ஸ்), காய்கறி போட்ட ஃப்ளாம்குஹென் (மெல்லிய பீட்சா மாதிரி) கிடைக்கும். ஃப்ளாம்குஹென் வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டுகளோடு வரும், ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கார் எடுக்கலாமா, ரயிலா?

ரயில். மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவே ரைனில் கார் போகும் பாலம் ஒன்றுகூட இல்லை. கரை மாற படகுத்துறைதான்: பிங்கென், நீடர்ஹைம்பாக், காவுப், சாங்க்ட் கோவர், பொப்பார்ட் பகுதிகளில் கார் ஏறும் படகுகள் ஓடுகின்றன, இரவில் சீக்கிரம் நின்றுவிடும். ஊர்களில் பார்க்கிங்கும் குறைவு. ரயிலில் வந்தால் ஒரு கரையில் போய், படகில் கடந்து, மறு கரையில் திரும்பலாம். டிக்கெட் வாங்கும்போது மாநில எல்லையைக் கவனியுங்கள். ரூடெஸ்ஹைம் ஹெஸ்ஸென் மாநிலம், எதிரே பிங்கென் ரைன்லாந்து-பால்ஸ். மாநில நாள் டிக்கெட் எதுவரை செல்லும் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

எந்த மாதம் நல்லது?

கப்பல்களும் கோட்டைகளும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை முழுமையாக இயங்கும். மே மாதம் பச்சை, அக்டோபர் முதல் பாதி பொன்னிறம். என் விருப்பம் அக்டோபர், அறுவடை நடக்கும். கோடை முடிவில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: மழை பொய்த்தால் காவுப்பில் நீர்மட்டம் அடியோடு இறங்கிவிடும். 2018-லும் 2022-லும் அப்படி ஆனது, கப்பல் நேரங்கள் மாறும். 2026 இரண்டாம் பாதியில் வலதுகரை ரயில்பாதையை மூடிப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தச் சமயம் வருபவர்கள் இடதுகரை ஊர்களான பாகராக், சாங்க்ட் கோவர், பொப்பார்ட் பக்கம் அறை எடுத்துக்கொள்ளுங்கள், மார்க்ஸ்பர்க்குக்கு மட்டும் மாற்றுப் பேருந்து நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்.