சின்ன டன்ஜன் கேம்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கட்டம் கட்டமாக நடப்பது, 90 டிகிரி மட்டுமே திரும்புவது, உள்ளே போய்ச் சில மணி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வருவது. இந்தப் பழைய பாணி டன்ஜன் (பாதாளச் சிக்கல்வழி) கேம்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். அதற்கு முன் ஒன்று: எந்த கேமாக இருந்தாலும் சேவ் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு குட்டி டன்ஜன் கேம் பார்த்து வைத்திருக்கிறேன். படங்கள் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 'மிக்ஸ்டு' என்று போட்டிருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ரிவ்யூ எழுதியவர்களில் 40 முதல் 69 சதவீதம் பேருக்குப் பிடித்திருந்தால் ஸ்டீம் 'மிக்ஸ்டு' என்று காட்டும். 20 பேர் மட்டுமே எழுதிய கேமில் 14 பேருக்குப் பிடித்தால் 70 சதவீதம், 'மோஸ்ட்லி பாசிட்டிவ்'. 13 பேர் என்றால் 65, 'மிக்ஸ்டு'. ஒரே ஒருத்தருக்கு அன்றைக்கு மூடு சரியில்லை என்றால் போச்சு. சின்ன கேம்களுக்கு ரிவ்யூ எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதனால் அந்த முத்திரையை நான் பார்ப்பதே இல்லை.

நான் பார்ப்பது ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் மேலே இருக்கும் 'எத்தனை மணி நேரம் ஆடினார்' என்பதை. 20 நிமிடத்தில் விலகியவர் பெரும்பாலும் நடையைத் திட்டுவார்: 'சுதந்திரமாகத் திரும்ப முடியவில்லை, இது என்ன கேம்!' அவருக்கு இந்த வகையே ஒத்துவராது, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆடியவர் வழி தொலைந்த கடுப்பில் எழுதியிருப்பார். முழுக்க முடித்தவர் எழுதும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: 'சீக்கிரம் முடிந்துவிட்டது.' இந்த மூன்றாவது ஆளின் பேச்சைக் கேளுங்கள். சேவ் அழிந்தது, கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டது என்று இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் மட்டும் தள்ளி நில்லுங்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டாவது தளத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். கேமில் மேப் கிடையாது. யாராவது போட்ட மேப் எங்கே கிடைக்கும்?

பதில்: தேடாதீர்கள் தம்பி. மேப் வரைவதுதான் அந்த கேமே. அதை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டால் மிச்சம் இருப்பது எலியையும் எலும்புக்கூட்டையும் அடிப்பது மட்டும்.

கட்டம் போட்ட தாள் எடுங்கள். முதலில் உங்கள் கேமில் சுவர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 1981இல் வந்த 'விசார்ட்ரி' வழியில் செய்திருந்தால் சுவர் இரண்டு கட்டங்களுக்கு நடுவே மெல்லிய கோடு. அதைத் தாளில் கோட்டின் மேலேயே கனமாக வரைய வேண்டும். 1987இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்' வழி என்றால் சுவரே ஒரு முழுக் கட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை அந்தக் கட்டம் முழுக்கக் கறுப்பாக அடைக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டுத்தான் பலர் 'மேப் பொருந்தவில்லை' என்று அழுகிறார்கள்.

நீங்கள் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. தளத்தின் வலது ஓரத்தில் வெளியே போனால் இடது ஓரத்தில் உள்ளே வருவது ஒன்று. விசார்ட்ரியின் 20க்கு 20 தளங்கள் அப்படித்தான். இல்லையென்றால் 'ஸ்பின்னர்': கால் வைத்ததும் சத்தமில்லாமல் உங்களை வேறு திசைக்குத் திருப்பிவிடும் கட்டம். சந்தேகம் வந்தால் கீழே போட முடிகிற ஒரு பொருளைப் போட்டுவிட்டு நாலடி நேராக நடந்து, திரும்பி, நாலடி வாருங்கள். பொருள் காலடியில் இல்லையென்றால் இடையில் எங்கேயோ திருப்பிவிடப்பட்டீர்கள். விசார்ட்ரியில் இதற்கென்றே 'டுமாபிக்' என்று ஒரு மந்திரம் உண்டு. நிற்கும் இடத்தையும் பார்க்கும் திசையையும் சொல்லிவிடும். உங்கள் கேமிலும் அதற்கு ஒரு பேரன் இருக்கும், மந்திரப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: இந்த மாதிரி கேம் ஓட எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். கார்டு பற்றித் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: 'ரோக்' தானே எல்லாவற்றுக்கும் தாய்? அப்படியானால் இந்தக் குட்டி கேம்கள் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுவதில்லை?

பதில்: 1980இல் வந்த ரோக்கில் தளம் ஒவ்வொரு ஆட்டத்திலும் புதிதாகப் பின்னப்படும். செத்தால் முதலிலிருந்து. விசார்ட்ரி குடும்பத்தில் தளத்தை ஒரு ஆள் உட்கார்ந்து கையால் போட்டிருப்பார். இரண்டும் வேறு கிளை. தாய் என்றால் இரண்டுக்கும் மூத்தவை உண்டு. 1975லேயே பிளேட்டோ என்ற கல்விக் கணினி வலையமைப்பில் டன்ஜன் கேம் ஆடியிருக்கிறார்கள்.

கேள்வி: என் குழு மொத்தமும் செத்துவிட்டது. கேம் தானாகவே சேவ் ஆகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

பதில்: சேவ் இரண்டு வையுங்கள் என்று முதல் பத்தியிலேயே சொன்னேன். சரி, பழைய முறையைப் பின்பற்றும் கேமாக இருந்தால் இன்னொரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிணங்களைத் தூக்கி வரலாம். விசார்ட்ரியில் அப்படித்தான்.

கேள்வி: 90 நிமிடத்தில் முடிகிற கேம். முடித்துவிட்டு ரீஃபண்ட் வாங்கினேன். விதி அனுமதிக்கிறதே, தப்பா?

பதில்: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் கீழ் என்றால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். உண்மைதான். ஆனால் அது இலவசமாக கேம் ஆடுவதற்கான வழி இல்லை என்றும், அப்படிச் செய்வதாகத் தெரிந்தால் ரீஃபண்டையே நிறுத்துவோம் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்து இலையையும் மடித்த பிறகு பந்தியில் குறை சொல்கிறீர்கள்.

(அதே நபர்): முழு விலை வாங்கிக்கொண்டு 90 நிமிடம் தந்தது அவர்கள் தப்பு.

பதில்: விலையும் நேரமும் கடைப் பக்கத்திலும் ரிவ்யூவிலும் இருக்கின்றன. பார்த்துவிட்டுத்தானே வாங்கினீர்கள்? 2021இல் ஒரு குட்டித் திகில் கேம் செய்தவர் இந்த ரீஃபண்டுகளைக் காரணம் காட்டியே கேம் செய்வதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். ரிவ்யூக்கள் நன்றாகவே இருந்தன. பிடித்திருந்தது, முடித்தார்கள், பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

(வேறொருவர்): அப்படியானால் கேமை இரண்டரை மணி நேரமாக இழுத்துவிட்டால் போச்சு!

பதில்: இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். இழுப்பது எப்படி என்று தெரியுமா? மூன்றடிக்கு ஒரு சண்டை. சாவி ஐந்தாம் தளத்தில், கதவு முதல் தளத்தில். அரக்கர்களின் உயிர் இரட்டிப்பு. ஒரு மணி நேரத்தில் முடிகிற நல்ல டன்ஜனில் ஒவ்வொரு மூலையிலும் ஏதாவது இருக்கும்: பொத்தான், பொறி, சுவரில் ஒரு குறிப்பு. அதே மேப்பை மூன்று மணி நேரத்துக்கு இழுத்தால் அது வெறும் தாழ்வாரம். 'சின்னது' என்று கட்டைவிரலைக் கீழே காட்டுகிறவர்கள் அடுத்து வருகிற கேமில் தாழ்வாரம் வாங்குவார்கள்.

(மூன்றாமவர்): இலவச டெமோ விட்டால் சண்டையே இல்லையே?

பதில்: இது நியாயம். முதல் தளத்தை டெமோவாகக் கொடுத்தால் நடை பிடிக்காதவர் காசு கொடுக்காமலேயே போய்விடுவார்.

கேள்வி: மேப் எங்கே கிடைக்கும்?

பதில்: மேலே.

கேள்வி: நேரடிச் சண்டை வகையில் பெரிய அரக்கன் இரண்டு அடியில் கொன்றுவிடுகிறான். ஏதாவது தந்திரம்?

பதில்: 2க்கு 2 காலி இடத்துக்கு இழுத்து வாருங்கள். அடி, பக்கவாட்டில் ஒரு கட்டம் நகரு. அவன் உங்கள் முன்னால் வந்து திரும்புவதற்குள் அடி, மறுபடி நகரு. டன்ஜன் மாஸ்டர் காலத்து நாட்டியம் இது, 2012இல் வந்த 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்'கிலும் வேலை செய்தது. நீங்கள் ஒருமுறை, அவன் ஒருமுறை என்று மாறி மாறி அடிக்கும் டர்ன் முறைச் சண்டையில் பலிக்காது.

கேள்வி: காசு போடாமல் ஆரம்பிக்க ஏதாவது?

பதில்: 'டன்ஜன் கிராலர் ஜாம்' என்று இட்ச் (itch.io) இணையதளத்தில் தேடுங்கள். குறுகிய கெடுவுக்குள் செய்து போட்டி போடுவார்கள். பெரும்பாலானவை ஒரே அமர்வில் முடிந்துவிடும். கரடுமுரடாக இருக்கும், பரவாயில்லை.

கேள்வி: கதவைத் தாண்டி ஒரு அறைக்குள் வந்தேன். நாலு பக்கமும் சுவர். வந்த கதவையும் காணோம். மேப் எங்காவது...

பதில்: மேப் கிடையாது! அது ஒருவழிக் கதவு. நாலு சுவரையும் ஒவ்வொன்றாக முட்டிப் பாருங்கள், ஒன்று பொய்ச் சுவராக இருக்கும். சுவரில் வித்தியாசமான கல் தெரிந்தால் அழுத்துங்கள். நாலும் நிஜச் சுவர் என்றால் பழைய சேவை ஏற்றுங்கள். ஒரே சேவ்தான் என்றால் என்னிடம் சொல்லவே சொல்லாதீர்கள். நான் கிளம்புகிறேன், ரீஃபண்ட் ஆட்கள் தொடரலாம்.